குழாயை அடைத்த அரைமணி

எங்கள் தெருவில் யார் மேலாவது கொதிக்கிற எண்ணெயோ ஜலமோ பட்டுவிட்டால், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் என் வாசலுக்கு ஓடி வருகிறார்கள். நான் என்ன டாக்டரா? பச்சைத் தண்ணீரை விடுங்கள், வேறு எதையும் பூசித் தொலைக்காதீர்கள், வண்டி பிடியுங்கள் என்று விரட்டி விடுவேன். வார்டில் சேர்த்த பிறகு அந்த வீட்டுப் பெண்களில் யாராவது ஒருத்தி தனியாக வருவாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமி, கீழே பட்டிருக்கு. வெளிக்குப் போறதுக்கு என்ன பண்ணுவா?" என்று கேட்பாள். வாயால் சொல்லவே கூசுகிற சமாசாரம், பாவம், வேறு யாரிடம் கேட்பாள்? எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

என் ஆத்துக்காரர் வெங்கிடாசலம் கல்யாணச் சமையல்காரர். மட்டாஞ்சேரி, சுள்ளிக்கல், எறணாகுளம் என்று எங்களவர் வீட்டில் எங்கே பந்தி போட்டாலும் அடுப்பு அவருடையதாகத்தான் இருக்கும். அவருக்குக் கீழே அவர் தம்பி சாமாவும் இன்னும் சில ஆட்களும். ஆசாரத்தில் மனுஷர் இரும்பு. குளிக்காமல் அடுப்பண்டை ஒருத்தர் வரக் கூடாது. உப்புப் பார்க்கிறேன் என்று கரண்டியை நாக்கில் வைத்த ஓர் ஆளை அன்றைக்கே மூட்டை கட்ட வைத்தார். வீட்டில் அவர் இருப்பதே அபூர்வம். இருந்தால் தூங்குவார். எங்களுக்குக் குழந்தை இல்லை. பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் பக்கத்து வீட்டுக் கொங்கணி மாமியின் மதிலண்டை போய் நிற்க வேண்டும். அதுதான் என் குடித்தனம்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு முகூர்த்த நாளில் அது நடந்தது. கல்யாண வீட்டுக் கொல்லையில் சாதம் வடித்து, கொதிக்கிற கஞ்சியை வாய் அகன்ற பெரிய வெண்கல வார்ப்பில் பிடித்துத் தரையில் வைத்திருக்கிறார்கள். பந்திக்கு நாழியாகிவிட்டது என்று யாரோ அவசரப்படுத்த, கூட்டான் (குழம்பு) அண்டாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வர, அவர்களுக்கு வழி விட இவர் ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தார். ஈரத் தரை. கால் வழுக்கி அப்படியே வார்ப்புக்குள் உட்கார்ந்துவிட்டார். ஜலமாக இருந்தால் வழிந்தாவது ஓடும். கஞ்சி ஒட்டிக்கொண்டு வேக வைக்கும். சாமாவும் மற்றவர்களும் அள்ளித் தூக்கி, குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டி, டாக்ஸியின் பின் சீட்டில் குப்புறப் போட்டு, தோப்பும்படி பாலம் வழியாக எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு ஆள் வந்து சொன்னபோது நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கையைக்கூட அலம்பாமல் ஓடினேன்.

முதல் சில நாட்கள் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்றார்கள். கையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறியது. துணி படாமல் இருக்கக் கட்டிலுக்கு மேலே கம்பி வளைத்து, கூடாரம் மாதிரி போர்த்தியிருந்தார்கள். உள்ளே அவர் குப்புறக் கிடந்தார். புண்ணின் மேல் வெண்ணெய் மாதிரி ஒரு வெள்ளை மருந்தைத் தடவுவார்கள். அதைக் கழுவி எடுத்து மறுபடி தடவும்போது அவர் போடும் சத்தம் வார்டு வாசல் வரை கேட்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நான் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மற்ற பெண்களும் பொத்திக்கொள்வார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டோம்.

பெரிய டாக்டர் மலையாளிதான் என்றாலும் மெட்ராஸில் படித்தவர், தமிழ் நன்றாக வரும். என்னையும் சாமாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "மாமி, தொடை, பின்பக்கம், மலம் போற இடத்தைச் சுத்தி எல்லாம் வெந்திருக்கு. எனக்குப் புண்ணைவிட மலம்தான் பயம். அதுல இருக்கற கிருமி புண்ணுல பட்டா ரத்தத்துல ஏறிடும். தோல் வளர்ற வரைக்கும் மலம் அங்க படவே கூடாது."

அதற்கு ஒரு ஆபரேஷன் உண்டாம். வயிற்றில் ஒரு துளை போட்டு, குடலை அங்கே கொண்டுவந்து தைத்து, வெளியே ஒரு பையைக் கட்டிவிடுவார்கள். மலம் பையில் விழும். புண் ஆறின பிறகு மறுபடி உள்ளே வைத்து மூடிவிடலாம். டாக்டர் இதைப் பொறுமையாகக் கட்டிலண்டை வந்து இவரிடமும் சொன்னார்.

இவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "வயித்துல மலத்தைக் கட்டிண்டு நான் எந்த அடுப்பண்டை போய் நிப்பேன்? எவன் விடுவான்? கீறாதேங்கோ. செத்தா சாவறேன்."

"கொஞ்ச மாசத்துக்குத்தான், சுவாமி."

"ஒரு நாழியானாலும் வேண்டாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு, அங்கேயே கத்தினேன். சமையலாம், அடுப்பாம், உயிர் போகிற நேரத்தில் எவன் வீட்டுக் கல்யாணம் இங்கே முடங்கிக் கிடக்கிறது என்று. டாக்டர் என்னைக் கையமர்த்தினார். அப்புறம் யோசித்து, கத்தி வைக்காத வழி ஒன்று இருக்கிறது, முயற்சி செய்து பார்க்கலாம் என்றார்.

அதுதான் குழாய். மெத்தென்று வளைகிற ரப்பர் குழாய், அதன் முனையில் ஒரு சின்ன பலூன். ஆசன வாய் வழியாக உள்ளே விட்டு, பலூனில் ஜலம் ஏற்றினால் உள்ளே உப்பி நின்றுகொள்ளும். நழுவாது, பக்கவாட்டில் அதிகம் கசியவும் செய்யாது. மறு முனை கட்டிலுக்குக் கீழே பாட்டிலில். மலம் தண்ணீராக இருந்தால்தான் குழாயில் இறங்கும் என்பதால் ஆகாரத்தில் சக்கையே இருக்கக் கூடாது. வடிகட்டின கஞ்சி, பருப்பு வேக வைத்த தண்ணீர், சர்க்கரை ஜலம், கொழுப்பெடுத்த பால் பொடி. முட்டையின் வெள்ளை நல்லது என்றார் டாக்டர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பால் பொடியை இன்னும் கூட்டிக்கலாம்" என்று முடித்தார். ஆனால் ஒன்றைக் கறாராகச் சொன்னார். "குழாய் வெச்சா மட்டும் போறாது. வயிறு நிறையக் குடிக்கணும். உடம்புல சத்து இல்லேன்னா தோல் எங்கேந்து வளரும்? அவர் குடிக்கலேன்னா நான் வயித்தைத் திறக்கத்தான் வேண்டி வரும்."

இவர் அதற்குச் சம்மதித்தார். மறுநாள் மத்தியானம் குழாய் வைத்தார்கள். சாமா ராத்திரி கூட இருக்கிறேன் என்று சொன்னதால், நான் குளித்து மாற்றுத் துணி எடுத்து வர மட்டாஞ்சேரி போட் ஏறினேன். காலையில் திரும்பி வந்தபோது வார்டே கலவரமாக இருந்தது. சிஸ்டர் ரோசம்மா, அந்த வார்டின் நர்ஸ், பாதி வழியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, பேடிக்கண்டா, பயப்படாதே. சுவாமி இன்னலே வைகுந்நேரம் தொட்டு, நேத்து சாயங்காலத்திலேர்ந்து, மிண்டுந்நில்லா. ஒரு வார்த்தை பேசலை. கஞ்சியும் வேண்டாமாம். செவியில வேதனையோ என்னவோ, நூலெடுத்துச் செவியில சுத்தி வச்சிட்டுண்டு. டாக்டர் டார்ச் அடிச்சு நோக்கி, செவியில ஒந்நுமில்லா."

கட்டிலண்டை ஓடிப்போய்க் கூடாரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். குப்புறக் கிடக்கிறார். வலது காதில் பூணூலை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறார். உதடு இறுக்கி மூடியிருக்கிறது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

விஷயம் புரிந்துவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூணூல் போட்ட எங்கள் ஆண்கள் கக்கூஸுக்குப் போகும்போது அதை வலது காதில் சுற்றிக்கொள்வார்கள். வெளியே வந்து, கை கால் அலம்பி, வாய் கொப்பளித்த பிறகுதான் இறக்குவார்கள். காதில் இருக்கிற வரை பேசக் கூடாது, சாப்பிடக் கூடாது. இந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு இது மறந்துபோயிற்று. இவருக்கு மறக்குமா? வீடு பற்றிக்கொண்டு எரிந்தாலும் காதில் பூணூல் இருந்தால் வாயைத் திறக்காத மனுஷர் என்று நானே கேலி செய்ததுண்டு. இப்போது குழாய் வழியாக எந்நேரமும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அவர் கணக்கில் அவர் இன்னும் கக்கூஸில்தான் இருக்கிறார். வெளியே வரவே இல்லை.

சாமாவைத் திரும்பிப் பார்த்தேன். "ராத்திரி பூரா இங்கதானே இருந்தாய்? உனக்குமா தெரியலை? சிஸ்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

அவன் விழித்தான். "தெரிஞ்சுது மன்னி. அண்ணா காதுல மாட்டிண்டிருக்கறச்சே பேச்சுக் குடுக்கப்படாதேன்னு நானும் சும்மா இருந்துட்டேன். இறக்கட்டும், கேட்கலாம்னு."

ஒரு ராத்திரி முழுக்க அண்ணன் பேசவில்லை, தம்பியும் பேசவில்லை, இரண்டு பேரும் ஆசாரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் டாக்டர் வந்து காதுக்குள் டார்ச் அடித்திருக்கிறார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அப்புறம் கெஞ்சினேன், திட்டினேன். "ஏன்னா, வியாதிக்காராளுக்கு இதெல்லாம் இல்லைன்னா. ஒரு வாய் குடியுங்கோ." தலையை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தெருவில் எல்லோருக்கும் திவசம் கல்யாணம் பண்ணி வைக்கும் வாத்தியாரைச் சாமா போட்டில் அழைத்து வந்தான். அவர் வார்டு வாசலிலேயே மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, "ஆபத்துல தோஷமில்லை, ஓய். தாராளமா சாப்பிடும்" என்றார். இவர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இந்த வாத்தியார் பூஜைக்கு முன்னாலேயே கொல்லைப்பக்கம் வந்து நாலு வடையைத் தின்றுவிட்டுப் போகிறவர் என்பது சமையல்காரருக்குத் தெரியாதா? வாத்தியார் சொன்னது வெறுங்காற்றில் போயிற்று. அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. டாக்டர் சாயங்காலம் வந்து, நாளையும் இப்படியே என்றால் ஆபரேஷன்தான், வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் கண் ஓரத்தில் ஜலம் வழிந்தது. வாய் திறக்கவில்லை.

சிஸ்டர் ரோசம்மாவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாராவதாக இருந்தால் பட்டருக்கு (எங்களவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பைத்தியம் என்று சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. அவர்களிலும் நோன்பு, விரதம் எல்லாம் உண்டு, தன் அம்மா சாகக் கிடந்தபோதுகூட நோன்பை விடவில்லை என்றாள். மறுநாள் டாக்டர் வந்ததும் இரண்டு பேரும் என்னென்னவோ மலையாளத்திலும் இங்கிலீஷிலும் பேசினார்கள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"பலூன் எந்நேரமும் உப்பியே இருந்தா உள்ள சதை நைஞ்சுபோகும். அதனால அப்பப்ப ஜலத்தை எடுத்துத் தளர்த்தணும், அது எப்படியும் செய்ய வேண்டியதுதான். அந்த நேரத்துல, முதல்ல வெதுவெதுப்பான ஜலம் விட்டு உள்ள இருக்கறதை எல்லாம் அலம்பி இறக்கிட்டு, குழாய்ல ஒரு கிளிப் போட்டு அடைச்சுடறோம். அரைமணி ஒண்ணும் வராது. அது போதுமா சுவாமிக்கு?"

இவர் கண் டாக்டரையே பார்த்தது. அப்புறம் மெள்ளத் தலையாட்டினார்.

சிஸ்டர் அலம்பிவிட்டாள். பாட்டிலை அகற்றினாள். புதுத் துணி போட்டாள். குழாயில் கிளிப்பை மாட்டினாள். மாட்டிவிட்டு, கூடாரத்துக்குள் குனிந்து, "கக்கூஸ் பூட்டி, சுவாமி!" என்றாள். பூட்டியாயிற்று என்று அர்த்தம்.

நான் மூக்கு வைத்த கிண்டியில் ஜலம் எடுத்து அவர் கையை அலம்பினேன். காலை அலம்பினேன். கொப்பளிக்கச் சொல்லிக் கிண்ணம் பிடித்தேன். அவரே கையைத் தூக்கிப் பூணூலைக் காதிலிருந்து இறக்கினார். உதடு அசைந்து மந்திரம் சொல்லிற்று. சாமா கொண்டுவந்த பருப்புத் தண்ணீரை நான் ஊட்ட, ஒரு மடக்கு விழுங்கினார். இத்தனை நேரம் ஊரையே கலக்கிவிட்டு, மனுஷர் பேசின முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"சாமாட்ட சொல்லு. உப்பு ஜாஸ்தி."

அன்றிலிருந்து காலை, மத்தியானம், சாயங்காலம் என்று அந்த அரைமணிகள்தான் எங்கள் நாள். "கக்கூஸ் பூட்டி, சுவாமி!" என்ற குரல் கேட்டால் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். முதலில் குடிப்பார். குடித்து முடித்த பிறகு மீதியிருக்கும் நேரத்தில் பேசுவார். நான் சொல்கிறேன், கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என்னோடு பேசாததை எல்லாம் அந்தக் குழாய் அடைத்த நேரத்தில்தான் பேசினார். நேரம் கொஞ்சம் என்பதால் வீணாக்கவே மாட்டார்.

"நீ சாப்டாயோ?" என்பார். வாசலில் சாயாவும் பன்னும் சாப்பிட்டேன் என்றால், "சாயா ஒரு ஆகாரமா? சாமா கொண்டுவரச்சே உனக்கும் ரெண்டு பிடி சாதம் கொண்டுவரச் சொல்லு" என்று கோபித்துக்கொள்வார். வீட்டில் ஒரு நாள் இதைக் கேட்டிருப்பாரா! பெண் பார்க்க வந்தபோது நான் கொடுத்த உப்புமாவில் கடுகு தீய்ந்திருந்தது, சொன்னால் நான் அழுதுவிடுவேனோ என்று முழுங்கிவிட்டதாக ஒரு நாள் சொன்னார். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். சிரித்தார். சிரித்தால் அடிப்பக்கம் இழுத்து வலிக்கும், வலித்ததும் முகம் சுருங்கும், அதோடேயே சிரிப்பார்.

புண்ணில் துணி ஒட்டாமல் இருக்க, அடியில் வாட்டின வாழைக்குருத்தை விரிக்கச் சொல்லியிருந்தார்கள். கொங்கணி மாமி தன் கொல்லையிலிருந்து தினம் அறுத்துச் சாமாவிடம் கொடுத்தனுப்புவாள். "ஊருக்கெல்லாம் இலை போட்டேன் விசாலம். இப்ப என்னையே இலைல போட்டுட்டா" என்றார் ஒரு நாள். நான் இலையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

சுத்தம் செய்வதை எனக்கும் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தாள். என்னதான் பலூன் இருந்தாலும் ஓரத்தில் கொஞ்சம் கசியும். கசிந்த உடனே உப்புப் போட்ட வெதுவெதுப்பான ஜலத்தை மெள்ள ஊற்றிக் கழுவ வேண்டும். தேய்க்கக் கூடாது. பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். முதல் தடவை நான் கை வைத்தபோது அவர் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கிற்று. அடுத்த அரைமணியில், "உன்னை இதைப் பண்ண வெச்சுட்டேனே" என்றார்.

"பெத்து வளர்த்துப் பீத்துணி அலசற பாக்கியம் எனக்கு இல்லைன்னு உங்க தங்கை நாலு பேர் நடுவில சொன்னாளே, ஞாபகம் இருக்கோ? வரச் சொல்லுங்கோ, வந்து பார்க்கட்டும்" என்றேன். நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்கு விசாலம்" என்றார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. கிளிப்பை எடுக்க சிஸ்டர் வந்துவிட்டாள், அவர் பூணூலைக் காதில் சுற்றிக்கொண்டார்.

புண் ஆறத் தொடங்கியது. தொடையில் சிவப்பாகப் புதுச் சதை முளைத்திருக்கிறது, நல்ல அறிகுறி என்று டாக்டர் மற்ற டாக்டர்களைக் கூட்டி வந்து காட்டினார். கத்தி வைக்காமலேயே தேறிவிடுவார் போலிருக்கிறது என்றார். சாமா அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்து, வடிகட்டின பாலை மட்டும் கொண்டுவந்தான். சர்க்கரை குறைச்சல் என்று அதிலும் இவர் குற்றம் கண்டுபிடித்தார். நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

அதற்கப்புறம் காய்ச்சல் வந்தது. எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. யாரையும் நான் குறை சொல்லவும் மாட்டேன், அத்தனை பேரும் ராப்பகலாகப் பார்த்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. வயிறு போக ஆரம்பித்தது, குழாயையும் மீறி இலையெல்லாம் நனைந்தது. பலூனைத் தளர்த்தவே முடியாது, கிளிப் போடுகிற பேச்சே வேண்டாம் என்றார் டாக்டர். வயிற்றைத் திறக்கலாமா என்று நானே கேட்டேன். மயக்க மருந்தை இந்த உடம்பு தாங்காது, மாமி, என்றார்.

ஆகாரத்தை மூக்கு வழியாக இன்னொரு மெல்லிய குழாயில் விட்டார்கள். வாயில் படாததால் அதற்கு மட்டும் இவர் தலையாட்டினார். பேச்சு நின்றுவிட்டது. காதில் பூணூல். உதடு இறுக்கி மூடியிருக்கும். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "ஏன்னா, இறக்கிடுங்கோன்னா. ஒரே ஒரு வார்த்தை. பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்று அழுவேன். கையால் என் தலையைத் தடவுவார். பேச மாட்டார். சாகிற உடம்பில் இத்தனை வைராக்கியமா என்று எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். அந்த அரைமணிகள் வராதா, அந்தக் குரல் கேட்காதா என்று நாள் முழுக்கச் சிஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மத்தியானம், புண் கழுவக் கூடாரத்தைத் தூக்கிவிட்டு, உப்பு ஜலம் கலக்கிக்கொண்டு கட்டிலண்டை நின்றிருந்தேன். வார்டு அடுக்களையிலிருந்து கொதிக்கிற வெந்நீர் அண்டாவை அட்டெண்டர் கொண்டுவந்து என் பின்னால் தரையில் வைத்திருக்கிறான், நான் கவனிக்கவில்லை. எதிரே நோயாளியை வைத்து ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தன் வந்தான். வழி விட நான் ஓர் அடி பின்னால் எடுத்து வைக்கப் போனேன். கீழே அப்போதுதான் துடைத்த ஈரம்.

"விசாலம்! பின்னால வைக்காதே காலை! சூடு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அத்தனை சத்தம் அந்த உடம்பில் எங்கே இருந்ததோ. டிராலி தள்ளியவனும் நின்றுவிட்டான். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்து நின்றேன். என் புடவையின் கீழ்க்கரை அண்டாவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவர் தலையைத் தூக்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு இரைத்தது. பூணூல் காதில்தான் இருந்தது. கையைக் கொண்டுபோய் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"பேசிட்டேளே!" என்றேன். "பேசியாச்சே, இனிமே என்ன? இன்னொரு வார்த்தை பேசுங்கோ."

அவர் தலையை மெள்ள இப்படியும் அப்படியும் ஆட்டினார். உதடு மறுபடி மூடிக்கொண்டது. ஆனால் கண் சிரித்தது. உனக்கு ஒன்றும் படவில்லையே என்று கையால் கேட்டார். இல்லை என்று காலை நீட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு தலையைத் தலையணையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் போட்டிலிருந்து இறங்கி வந்தபோது சாமா வார்டு வாசலில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அவன் முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால்தான் போனார் என்றார்கள். வலி இல்லாமல் போனார் என்றும் சொன்னார்கள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. நான் அழக்கூட இல்லை. உள்ளே போனேன்.

சிஸ்டர் ரோசம்மா திரையை இழுத்து மூடினாள். பலூனிலிருந்து ஜலத்தை எடுத்து, குழாயை மெதுவாக, அவருக்கு இன்னும் வலிக்கும் என்பதுபோல மெதுவாக, வெளியே எடுத்தாள். நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து கழுவித் துடைத்து, முதல் தடவையாக அவரை மல்லாக்கப் படுக்க வைத்தோம். பாட்டிலைக் காலால் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "கக்கூஸ் பூட்டி, சுவாமி" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நான் கிண்டியில் ஜலம் எடுத்தேன். கையை அலம்பினேன். காலை அலம்பினேன். உதட்டை நனைத்துத் துடைத்தேன். காதிலிருந்து பூணூலை இறக்கி மார்பில் போட்டேன்.

"ஏன்னா, ஆச்சு. வெளில வந்தாச்சு. இனிமே பேசலாம்" என்றேன்.

சிஸ்டர் திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டு, அரைமணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் மட்டும்தான் பேசினேன்.